ஸ்டிக்கரைக் கிழித்த பிறகு...

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு அதில் ஒரே குறை, பேட்டரிச் செலவு. சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். ஓர் அட்டையில் ஆறு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கலர் ஸ்டிக்கர்.

ஒரு நாள் பார்க்கிறேன், பேரப் பிள்ளைகள் ஹாலில் கத்திக்கொண்டு கதை சொல்கிறார்கள். அப்பா மட்டும் சிரித்த முகத்தோடு, ஒன்றுமே காதில் விழாமல் உட்கார்ந்திருக்கிறார். மெஷின் அலமாரியில்!

"ஏம்ப்பா கழட்டி வச்சிட்டீங்க?" என்று பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"வீட்லதானேடா இருக்கேன். யாராவது வந்தா மாட்டிக்கறேன். பேட்டரி மிச்சம்ல?"

நான் படித்தது பி.காம். சிக்கனத்தை எதிர்த்துப் பேசுகிற தகுதி எனக்கில்லை. ஆனால், அப்படிச் சேமித்த பேட்டரியும் சில வாரங்களில் தீர்ந்துபோனது. ஏன் என்று தேடிப் படித்ததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் பித்தானுக்குள் பாதிச் சரக்குதான் இருக்கிறது. துத்தநாகப் பொடி உள்ளே. மீதியான ஆக்ஸிஜன் நம் வீட்டுக் காற்றில். ஸ்டிக்கரை எடுத்ததும் குட்டித் துளைகள் வழியாகக் காற்று நுழையும். துத்தநாகமும் ஆக்ஸிஜனும் சேரும், கரென்ட் வரும். பாதி ஸ்டாக்கை குடோனில் வைக்காத வியாபாரி மாதிரி. இத்தனூண்டு பேட்டரிக்கு அவ்வளவு சக்தி இருப்பது அதனால்தான்.

ஆனால், கதவைத் திறந்தால் திறந்ததுதான். துத்தநாகத்துக்கும் காற்றுக்கும் நடுவே தரகு வேலை பார்ப்பது, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைத்த தண்ணீர். காற்று உலர்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகும். ஈரக் காற்றென்றால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கார்பன் டை ஆக்ஸைடும் புகுந்து கெடுக்கும். மெஷினை அணைத்து வைத்தால் கொஞ்சம் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனாலும், திறந்த பேட்டரிக்கு ஆயுசு வாரக் கணக்குதான். எங்கள் பாஷையில் டிப்ரிஸியேஷன். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கழிந்துகொண்டே இருக்கும்.

சரி, ஆவியாகாத திரவம் ஒன்று கிடைத்தால்?

இருக்கிறது! அயனித் திரவம் என்று பெயர். அதுவும் உப்புதான். சமையல் உப்பு உருக 801 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். இதுவோ, சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் அறைச் சூட்டிலேயே திரவமாக இருக்கும். 1914-லேயே பால் வால்டன் என்ற விஞ்ஞானி, சுமார் 12 டிகிரியில் உருகும் உப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். சமையல் உப்பில் அயனிகள் செங்கல் மாதிரி கச்சிதமாக அடுங்கும். இதில் ஒரு அயனி பெரிசு, கோணல்மாணல். அடுக்கவே வராது, அதனால் திரவம். ஆனாலும், பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் ஆவியாவது அநேகமாக இல்லை.

2009-ல் அமெரிக்க எரிசக்தித் துறை, இந்தத் திரவத்தை வைத்து உலோகக் காற்று பேட்டரி செய்து பார்க்க அரிஸோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. காய்ந்துபோகாமல் இருப்பது ஒரு லாபம். இன்னொன்றும் உண்டு. துத்தநாகத்தைத் திரும்ப சார்ஜ் செய்தால், சமமாகப் படியாமல் முள் முள்ளாக வளரும். எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். அந்த முள்ளை அடக்கவும் அயனித் திரவங்களில் வழி தேடுகிறார்கள். தண்ணீரிலிருந்து படியவே மறுக்கும் அலுமினியம்கூட, சில அயனித் திரவங்களில் சமர்த்தாகப் படிகிறது.

சிக்கல் இல்லாமலா? விலை அதிகம். பல வகைகள் எண்ணெய் மாதிரி கெட்டி, அயனிகள் ஊர்ந்துதான் போக வேண்டும். ஆகவே அப்பாவின் பித்தானில் இன்னும் அதே தண்ணீர்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது மெஷின் போடுகிறார்களா? தேவைப்படும்போது மட்டும் ஸ்டிக்கரை எடுங்கள். எடுத்த பின் சில நிமிஷம் காற்றாட விட்டு மாட்டுங்கள். மாட்டியபின், தாராளமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்பாவிடமும் சொன்னேன். "ஸ்டிக்கரை எடுத்தாச்சுன்னா நீங்க கேட்டாலும் தீரும், கேக்காட்டியும் தீரும்ப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார். எழுந்து போய் மெஷினை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அன்னிக்குக் குழந்தைங்க ஏதோ கதை சொல்லி எல்லாரும் சிரிச்சீங்களே, என்னடா அது?"

எங்கள் யாருக்குமே ஞாபகம் இல்லை.