பழைய ஓனருக்கு வந்த போன்

ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கூட்டம் குறைந்த பிறகு நிதானமாக ஆண்டாளைச் சேவிக்கலாம் என்று ராஜபாளையத்திலிருந்து காரில் கிளம்பினார்கள். ஓட்டியவர் பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் மனைவி. பின் சீட்டில் மகளும், ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன தூரமா? பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று அடங்கிவிட்டது. இருமல் இல்லை, உதறல் இல்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இருந்தது. இன்ஜின் நின்றதும் ஸ்டீரிங் கனத்துப்போனது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஓரம் கட்டுவதற்குள், பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியபடியே உரசாத குறையாகக் கடந்து போனது. பேத்தி அழவில்லை. பின்னாலிருந்து பாட்டியின் தோளைப் பிடித்தவள், கோயில் வரும்வரை கையை எடுக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆனது. நான்கு மாதத்தில் இது மூன்றாவது முறை. முதல் தடவை, தெரிந்த மெக்கானிக் "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்று டேங்கைக் காலி செய்தார். இரண்டாம் தடவை ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். இரண்டுக்குமாக நாலாயிரத்துச் சொச்சம் செலவு.

தரிசனம் முடித்துப் பால்கோவா வாங்க நின்றபோதுதான் அந்த வாத்தியாரைப் பார்த்தார்கள். காரின் முதல் சொந்தக்காரர் அவர்.

"வாங்க அண்ணாச்சி, வண்டி எப்படி ஓடுது?"

"நம்ம வயசுக்காரங்க மாதிரிதான் சார். அங்கங்க நின்னு நின்னு வருது."

வாத்தியாரின் முகம் மாறியது. "கம்பெனியில இருந்து ஒரு பிள்ளை நாலஞ்சு வாட்டி போன் பண்ணுச்சு. ஏதோ பம்ப் மாத்தணும், காசு வேண்டாம்னுச்சு. காசு வேண்டாம்னாலே இப்பல்லாம் பயமா இருக்குல்ல? வண்டியை வித்தாச்சும்மான்னு சொல்லி வச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணவே இல்லை."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. லோன் வேண்டுமா, ஓ.டி.பி. சொல்லுங்க என்று நாளெல்லாம் போன் வருகிற காலத்தில், நல்ல செய்தியும் அதே குரலில்தான் வருகிறது.

வந்தது 'ரீகால்' அழைப்பு. விற்ற பிறகு ஒரு பாகத்தில் தயாரிப்புக் குறை தெரியவந்தால், அந்தத் தேதிகளில் தயாரான வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்து, இலவசமாகச் சரிசெய்து கொடுக்கும். நம் நாட்டில் இது அபூர்வமும் இல்லை. 2020 ஜூலையில் மாருதி சுசூகி 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைப் பெட்ரோல் பம்ப்புக்காக அழைத்தது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு 2,36,966 பைக்குகளை இக்னிஷன் காயிலுக்காக அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களை மறுபடியும் பெட்ரோல் பம்ப்புக்காகவே அழைத்தது.

2012 முதல் நிறுவனங்கள் தாங்களாக முன்வந்து செய்துகொண்டிருந்த வேலை இது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் அமலாகின. அரசே உத்தரவிடும் நிலை வந்தால் 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி வரை அபராதம்.

இவ்வளவு இருந்தும் போன் என்னவோ பழைய ஓனருக்குத்தான் போகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஆர்.சி.யில் பெயர் மாற்றுகிறோம், இன்சூரன்ஸில் மாற்றுகிறோம். கார் கம்பெனியின் கணக்கில் நம் போன் நம்பரைச் சேர்க்கச் சொல்லி யார் கேட்கிறோம்? மில்லில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ரிஜிஸ்டர் எழுதிய மனுஷருக்கே அது தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஆர்.சி.யை எடுத்துவைத்துக்கொண்டு கம்பெனியின் வெப்சைட்டில் சேஸிஸ் நம்பரைத் தட்டினார். தப்பு என்றது. மறுபடி தட்டினார். மறுபடி தப்பு. பேத்தி போனை வாங்கிப் பார்த்தாள்.

"தாத்தா, பூஜ்யம் வர்ற இடத்துல ஓ போட்டிருக்கீங்க."

பதினேழு எழுத்தும் எண்ணுமாக வருகிற அந்த நம்பரில் ஓ, ஐ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அவள் திருத்தியதும் திரையில் வந்தது: இந்த வண்டிக்கு ரீகால் வேலை பாக்கி இருக்கிறது.

மறுநாள் சர்வீஸ் சென்டரில், "பார்ட் வரணும் சார், பத்து நாள் ஆகும்" என்றார்கள்.

"அதுவரைக்கும் ஓட்டலாமா தம்பி?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "ஓட்டலாம் சார்... பார்த்து ஓட்டுங்க."

அந்த யோசனையே போதுமாக இருந்தது அவருக்கு. காரை வீட்டு வாசலில் போட்டுக் கவர் மாட்டிவிட்டார். பத்து நாள் பதினேழு நாளானது. அத்தனை நாளும் எங்கு போனாலும் பஸ்தான்.

பார்ட் வந்த அன்று கையில் ஒரு எஸ்டிமேட்டைக் கொடுத்தார்கள். வீல் அலைன்மென்ட், ஏ.சி. கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ் என்று 6,800 ரூபாய். 'வந்ததே வந்தோம், பார்த்துவிடலாம்' என்று மனசு இளகுகிற இடம் இதுதான். அவர் பேனாவைக் கேட்டு வாங்கி அத்தனையையும் அடித்தார். "ரீகால் வேலைக்கு மட்டும் ஜாப் கார்டு போடுங்க. ரீகால்னு அதுலயே எழுதுங்க. என் நம்பரையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க." பையன் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தான். மறுத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. அந்தத் தெம்பு அவர் குரலில் இருந்திருக்கலாம்.

கழற்றிய பம்ப்பைப் பார்க்க வேண்டும் என்றார். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பொருள் என்பதால் கையோடு தர மாட்டார்கள், காட்டுவார்கள். உள்ளங்கை நீளத்தில் ஒரு சின்ன மோட்டார். உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி, உப்பி, சுற்றியுள்ள கூட்டில் உரசும். சூடேறினால் இறுகி நின்றுவிடும் என்று மெக்கானிக் விளக்கினார். ஆறினால் மறுபடி சுற்றும். கால் மணி நேரக் கணக்கு அப்போதுதான் பிடிபட்டது அவருக்கு. இறுகி நின்ற மோட்டார்களோடு ஒரு ஆயுசு கழித்தவர், பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பில் தொகை பூஜ்யம்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கையை எடுத்தார்.

"என்ன, காரமா?" என்றார் மனைவி.

போன வருஷம் சேத்தூர்க்காரர் ஒருவருக்கு அவர் தன் பைக்கை விற்றிருந்தார். அதற்குப் பிறகு அந்த பைக் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. "வேண்டாம்மா" என்று இரண்டு தடவையும் கட் செய்திருந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து, விற்பனைக் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்து, சேத்தூர் நம்பருக்குப் போட்டார்.

"அண்ணாச்சி, உங்க பைக் விஷயமா..."

"இன்சூரன்ஸா? கட்டியாச்சு, வைங்க." லைன் கட்டானது.

அவர் மறுபடியும் போட்டார்.