அரியலூரைத் தாண்டியதும் ஒரு பாலம்

சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிறவர்கள், அரியலூர் தாண்டிய சில நிமிடங்களில் ஓர் ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறார்கள். பெரும்பாலான மாதங்களில் கீழே மணலும் முட்செடியும்தான் தெரியும். ஏதோ ஓடை என்று நினைத்து செல்போனுக்குத் திரும்பிவிடுவோம். அதுதான் மருதையாறு.

பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து, அரியலூர்ப் பக்கம் வந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரத்தில் கடல் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரமும், சிமென்ட் ஆலைகளுக்குக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனவை.

மருதையாற்றுக்கு மழையை விட்டால் வேறு கதியில்லை. ஆனால், ஐப்பசி கார்த்திகையில் அதன் குணமே வேறு. மலையில் பெய்த மழை பல ஓடைகள் வழியாக ஒரே நேரத்தில் இறங்கும். கீழே இருப்பதோ பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காடு. கரிசல் மண் நனைந்து உப்பிவிட்டால், அதற்குமேல் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. அத்தனையும் ஆற்றுக்குத்தான் ஓடும்.

1956 நவம்பர் 23 அதிகாலை அப்படித்தான் ஓடியது. முந்தைய நாள் சென்னையில் புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே வந்தபோது, வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. இன்ஜினும் அதன் பின்னால் இருந்த பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. தூக்கத்தில் இருந்தவர்கள்தான் அதிகம். இறந்தவர்கள் சுமார் 150 பேர்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன்பு மெகபூப்நகரில் நடந்த விபத்துக்கே பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தவர், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்த முறை நேருவால் மறுக்க முடியவில்லை. பாலத்தைக் கட்டியவரோ ரயிலை ஓட்டியவரோ அல்ல அவர். ஆனாலும் விலகினார். அதனால்தான் இன்றும் எங்கே ரயில் கவிழ்ந்தாலும் அரியலூரின் பெயர் பேச்சில் வந்துவிடுகிறது. ஆற்றின் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை!

கடலில் சேரும் அந்த வெள்ளத்தைப் பிடித்துவைக்க, பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் இதே ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் அமைத்திருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீரைப் பார்க்க ஆசையென்றால், கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் பகல் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.