மூச்சா? இதயமா?

தளர்ந்துபோன பழம்பொருளை என்ன செய்வது என்பது எல்லா இல்லங்களிலும் என்றேனும் எழுகின்ற வினாவாகும். பாட்டன் கட்டிய வீட்டைப் பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா? பழைய கைத்தறியில் மோட்டார் பொருத்துவதா, விற்றுவிட்டு விசைத்தறி வாங்குவதா? பார்வைக்கு இது பணத்தைப் பற்றிய வினா. ஆயின் விடை தேடிப் புறப்பட்டால், அப்பொருளை நாம் எவ்விதத்தில் நேசிக்கிறோம் என்னும் வேறொரு வினாவின் முன் போய் நிற்கிறோம். எங்கள் குடும்பத்தில் 1997ஆம் ஆண்டில் இவ்வினா ஒரு காரின் உருவில் வந்தது.

கான்டெஸா என்னும் காரை இன்றைய இளைஞர் பலர் படங்களில்தான் கண்டிருப்பர். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1972இல் வெளியிட்ட விக்டர் எஃப்.இ. என்னும் காரின் உடலமைப்பைக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வங்காளத்தின் உத்தர்பாராவில் 1980களில் உருவாக்கிய கார் அது. நீண்ட முன்மூடி, தாழ்ந்த தோற்றம், அகன்ற இருக்கைகள். மேனாடுகளில் பந்தய வேகத்துக்கெனச் செய்யப்படும் கார்கள் நம் சாலைகளில் காணக் கிடைக்காத அந்நாளில், அக்கனவுக்கு நம் நாட்டு வடிவம் தந்தது கான்டெஸாவே எனலாம். ஆனால் உடலுக்கு ஏற்ற வலிமை உள்ளே இல்லை. முதற்கட்டக் கார்களில் இருந்தது அம்பாசடரின் அதே 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பி.எம்.சி. நிறுவனம் 1950களில் தந்த அவ்வெஞ்சினின் திறன் ஏறக்குறைய 50 குதிரைத்திறன் மட்டுமே.

அத்தகைய கார் ஒன்றை எங்கள் தந்தையார் 1985இல் வாங்கினார். விளக்குத்தூண் அருகே ஜவுளிக் கடை நடத்தியவர் அவர். நாங்கள் பள்ளிக்குச் சென்றதும், அக்காளின் திருமண ஊர்வலம் நடந்ததும், பாட்டியை இறுதியாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் அக்காரில்தான். நாள்தோறும் காலையில் எஞ்சினை இயக்கிவிட்டு, முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் அதன் ஒலியைக் கேட்பது தந்தையாரின் வழக்கம். வால்வின் சப்தத்தில் சிறு மாறுதல் இருந்தாலும் அவர் செவி அறிந்துவிடும்.

மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் சோழவந்தானுக்கும் சமவெளியில் ஓடும் வரை குறையொன்றுமில்லை. கொடைக்கானலில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு மலையேறும்போதுதான் துன்பம். வத்தலக்குண்டைக் கடந்து மலைப்பாதை தொடங்கினால் டம்டம் பாறைக்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். சாலையோரம் அரைமணி நேரம் காத்திருந்து, குடத்து நீரை ஊற்றி, மீண்டும் புறப்பட வேண்டும். அன்னையார் மூட்டுவலியால் அவதியுற்ற நாள்கள் அவை. தங்கையைக் காண வேண்டும் என்னும் ஆசை ஒருபுறம், வழியில் நிற்கும் அச்சம் மறுபுறம். ஈராண்டாக அவர் மலைக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். எனவே ஏதேனும் செய்தாக வேண்டியதாயிற்று.

தம்பி டர்போ பொருத்தலாம் என்றான். கோவையில் பந்தயக் கார்களோடு பழகிய நண்பர் ஒருவர் அதற்கு ஆயத்தமாயிருந்தார். டர்போவின் இயக்கம் வியப்புக்குரியது. வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளையும் தாண்டும் வேகம் அது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதன்மேல் 7 பவுண்டு கூட்டினால், சூட்டினால் ஏற்படும் இழப்பைத் தள்ளிப் பார்த்தால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்றை எஞ்சின் சுவாசிக்கும். மூச்சு பெருகினால் எரிபொருளும் பெருகும், வலிமையும் பெருகும்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சின் வலுவிழப்பதை இது ஈடுசெய்யும் என்பதை, 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், 14,000 அடி உயரத்தில், விமான எஞ்சின் ஒன்றை இயக்கிச் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் மெய்ப்பித்தார். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் சாதாரண எஞ்சின் தன் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். ஆகவே தம்பியின் வாதம் வெறும் இளமை ஆர்வம் அன்று. செலவும் குறைவு.

அண்ணன் எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே பின்னாளில் கான்டெஸா கிளாசிக் என்ற பெயரில் ஜப்பானின் இசுசு நிறுவனத்துடைய 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியிருந்தது. அதன் திறன் 88 குதிரைத்திறன். உடன் ஐந்து வேகக் கியர்பாக்ஸும் உண்டு. விபத்தில் உடல் நசுங்கி எஞ்சின் பழுதாகாத கிளாசிக் ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. எஞ்சின் மாற்றம் நம் ஊருக்குப் புதிதன்று. பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி வாடகைக்கு ஓட்டியோர் அந்நாளில் பலர். அதற்கும் முன்னர், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையில் 1912இல் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், பெட்ரோலுக்கு ஈடாக வாயுவைத் தரும் கலத்தைச் செய்து வண்டிகளை ஓடவைத்தார். தேவைக்கேற்ப வண்டியை மாற்றுவது இம்மண்ணில் வேரூன்றிய பழக்கமே.

மேனாட்டு எடுத்துக்காட்டுகளையும் அண்ணன் அடுக்கினார். 1962இல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனத்தாரின் சிறிய காரில் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியதால் பிறந்ததே புகழ்பெற்ற கோப்ரா. ஆனால் அதற்கென அடிச்சட்டத்தை வலுப்படுத்த வேண்டியிருந்தது. அதே 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் டர்போவுடன் வெளிவந்தது. எஞ்சினில் தட்டல் எழாதிருக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிவர வேண்டும். உரிமையாளர் பலர் அதனை மறந்தனர். இறுதியில் நிறுவனமே டர்போவைக் கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தித் தர முன்வந்தது.

இவ்வாறு இருபுறமும் நாங்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, தந்தையார் டர்போவின் பக்கமே சாய்ந்தார். காரணம் எளிது. டர்போ என்றால் அவருடைய எஞ்சின் அவரோடு இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்ட எண் மாறாது. காலையில் அவர் கேட்ட ஒலி, சற்றே மாறினாலும், அதே எஞ்சினின் ஒலியாகவே இருக்கும். "இதயத்தை மாற்றினால் அது என் காராகுமா?" என்று ஒருநாள் உணவு வேளையில் கேட்டார். எங்களில் எவரும் விடை கூறவில்லை.

முடிவு சொல்ல, பன்னிரண்டு ஆண்டுகளாக அக்காரைக் கவனித்துவந்த மெக்கானிக் பாய் வீட்டுக்கு வந்தார். படிப்பு அதிகம் இல்லாதவர். ஆயினும் அந்த எஞ்சினை இருமுறை முற்றிலும் பிரித்துச் சேர்த்தவர். அவர் சொன்ன காரணங்கள் மூன்று. கிராங்க் ஷாப்டை மூன்று பேரிங்குகள் மட்டுமே தாங்குகின்றன; ஒன்றரை மடங்கு விசையை நெடுநாள் தாங்க அது படைக்கப்படவில்லை. அழுத்தப்பட்ட காற்று சூடேறியே வரும். சித்திரை வெயிலில் இங்கே நிழலிலேயே 38, 40 டிகிரி காயும்போது தட்டல் எழுந்து பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் கெடும். கொதிப்பதே நோய் என்றிருக்க, இன்னும் சூட்டைக் கூட்டுவது மருந்தாகாது.

இவற்றைக் கேட்டும் தந்தையார் மனம் இளகவில்லை. அப்போது பாய் சொன்ன சொற்கள் இன்றும் எங்கள் செவியில் ஒலிக்கின்றன.

"முதலாளி, ஒங்க கடையில ரொம்ப வருசமா மூட்டை தூக்குறவருக்கு வயசாயிருச்சுன்னு வைங்க. பாசம் இருக்குன்னு சொல்லி, சத்து டானிக்கக் குடுத்து இன்னொரு மூட்டைய ஏத்துவீங்களா, இல்ல ஒக்காரச் சொல்வீங்களா?"

தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "கழற்றும்போது நான் பக்கத்தில் இருப்பேன்" என்று மட்டும் கூறினார்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, முன் ஒப்புதல் பெற்று, ஆய்வுக்குப்பின் புதிய எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியது. எஞ்சினோடு அதற்குரிய கியர்பாக்ஸ், தாங்கிகள், ரேடியேட்டர் ஆகியவையும் அந்தக் கிளாசிக்கிலிருந்தே வந்தன. புரோப்பல்லர் ஷாப்டைச் சரிசெய்து, வேகம் கூடும் என்பதால் பிரேக்குகளையும் புதுப்பித்தார் பாய். நிறுவனமே நடந்த பாதையில் நடந்ததால் வெட்டி ஒட்டும் வேலை மிகக் குறைவு. அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அன்னையார் மலையேறினார். டம்டம் பாறையில் வண்டி நிற்கவில்லை. நின்று அருவியைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்ட பின்னரே நிறுத்தினோம்.

கழற்றிய எஞ்சினைத் துடைத்து, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, பின்கட்டில் மரப்பலகை மேல் வைத்திருந்தோம். ஈராண்டுக்குப்பின், திருமங்கலத்தில் வாடகை அம்பாசடர் ஓட்டிய ஒருவருக்கு எஞ்சின் பிளாக் விரிசல் கண்டது. தந்தையார் அதனைப் பெயரளவு விலைக்குக் கொடுத்தார். மலையில் மூச்சிரைத்த அந்த எஞ்சின், இலகுவான அம்பாசடர் உடலில், கண்மாய்க் கரைகளும் வயல்களும் சூழ்ந்த சமதரையில், வருந்தாமல் ஓடியது. ஒருமுறை தந்தையார் அதில் பயணியாகச் சென்று வந்து, "வால்வு சத்தம் நன்றாயிருக்கிறது" என்றார்.

இன்று இத்தகைய மாற்றம் அத்துணை எளிதன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பழைய காரின் எஞ்சினில் கைவைக்க எண்ணுவோர் பட்டறைக்கு முன் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்வதே முறை. கான்டெஸாவின் உற்பத்தி 2002இலும், அம்பாசடரின் உற்பத்தி 2014இலும் நின்றுவிட்டன.

ஆயினும் அவ்விரு வழிகளும் நம் வாழ்வில் மறையவில்லை. முதியோர் மீது அன்புகொண்ட நாம், பல வேளைகளில் அவர்களுக்கு மூச்சைக் கூட்டவே முயல்கிறோம். "உங்களால் முடியும், நீங்கள் இல்லாமல் நடக்காது" என்று கூறிச் சுமையை ஏற்றுகிறோம். அதனை மரியாதை என்றும் கருதுகிறோம். அவர்களை இடம்பெயரச் செய்வது நமக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது. ஆனால் தாங்கக்கூடிய அளவுக்குச் சுமையும், அவரவர் வலிமைக்கேற்ற சமதரையும் தருவதும் அன்பேயன்றோ? மறுஆண்டு பொங்கலன்று எங்கள் தந்தையார் தாமாகவே கல்லாப்பெட்டிச் சாவியை அண்ணனிடம் தந்தார். கடையைவிட்டுச் செல்லவில்லை. வாசலை ஒட்டிய பெஞ்சில் அமர்ந்து, வருவோரைப் பெயர் சொல்லி வரவேற்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அந்த வேலையை அவரைவிடச் சிறப்பாகச் செய்தவரை அத்தெருவில் நாங்கள் கண்டதில்லை.