துருவேறிய ஆக்சிலும் வாப்பாவின் ஸப்ரும்

கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு இரும்பு தப்புவதில்லை. நெடுநாள் கழற்றப்படாத பின்சக்கர ஆக்சில், பேரிங்கின் உள்வளையத்தோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வாப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே நேர்ந்தது. பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடியது. ஆக்சிலைக் கழற்றாமல் அதை மாற்ற இயலாது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் வாப்பா மீன் ஏலத்துக்குச் சென்றாக வேண்டும்.

பெரிய சுத்தியலை எடுத்த காக்காவை வாப்பா தடுத்தார்கள். நேரே ஓங்கி அடித்தால் ஆக்சிலின் முனை காளான்போல் விரியும், மரை கெடும். பிறகு அது துளை வழியே வராது. துரு இளக்கும் எண்ணெயை இருபுறமும் விட்டு, இரவு முழுதும் ஊறச் செய்தோம். ஒரு நாள் வியாபாரம் போயிற்று. எனினும் ஆடும் சக்கரத்தில் அவர்களை அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

ஸப்ருக்கும் கைவேலை உண்டு என்பது வாப்பாவின் எண்ணம். எனவே காலை முதல் ஸ்பேனரால் ஆக்சிலின் தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். லுஹருக்குப் பின் அது மயிரிழை அசைந்தது. “அல்ஹம்து லில்லாஹ்” என்றார்கள் உம்மா, அடுப்படியிலிருந்தே. நட்டை முனையோடு சமமாகத் திருகி, மரக்கட்டை வைத்துத் தட்டினோம், மரை பிழைத்தது. பின்பு நட்டை நீக்கி, ஒல்லியான இரும்புக் கம்பியால் தள்ளி எடுத்தோம். துருவைத் தேய்த்துக் கிரீஸ் பூசினோம். பிரேக் ஷூவில் மட்டும் அது படலாகாது. அஸருக்குள் புதிய பேரிங்கோடு சக்கரம் பூட்டியாயிற்று.