பிள்ளைக்கு என்ன பெயர்?

குழந்தை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழித்துக் கோயிலுக்குக் கொண்டு செல்வது யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களின் வழக்கம். சிட்னியிலும் மெல்பேணிலும் பெயர்ப் பேச்சு அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிடுகிறது. நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். அதற்குள் நட்சத்திர எழுத்து, எண் சாத்திரம், பாட்டனார் பெயர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாய் ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டுமே என்று பெற்றோர் தவிக்கின்றனர்.

அசுவினியிற் பிறந்த பிள்ளைக்குச் சு, சே, சோ, ல என்னும் எழுத்துகள் பொருந்தும் என்பர். அவ்வெழுத்தைத் தேடிச் சிலர் பொருளற்ற ஓசையொன்றையே பெயராக்கி விடுகின்றனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். பொருள் என்னவென்று வினவினால் தாயும் தந்தையும் ஒருவரையொருவர் பார்ப்பர்.

ஆங்கிலத்தால் வரும் சங்கடம் வேறு. தமிழிற் 'பூ' மலர். ஆங்கிலச் சிறுவர் பேச்சில் அது மலம். பூங்கோதை என்னும் அழகிய பெயரைச் சூட்ட ஒரு தாய் தயங்குவாளாயின் அவளைக் குறைகூற முடியாது. ழகரமோ ரோமன் எழுத்தில் அமர மறுக்கிறது. ஒரே யாழினியை ஒருவர் 'எல்' இட்டும் மற்றவர் 'இசட் எச்' இட்டும் எழுதுகின்றனர்.

ஆயினும் ஓசை மட்டுமா பெயர்? பிள்ளைகள் தங்காத வீடுகளிற் குப்பன், பிச்சை என்று முன்னோர் பெயரிட்டனர். காலன் வெறுத்து விட்டுப்போகட்டும் என்ற தாயின் பதைப்பே அப்பெயர்களாயிற்று. பெண்கள் பலர் பிறந்த வீட்டில் இட்ட 'போதும்பொண்ணு' என்ற பெயரோ அதற்கு எதிர். வேண்டாத பிள்ளை நீ என்று அது ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கும். கேலி செய்யும் பள்ளித்தோழன் ஒருநாள் மறப்பான். பெயரின் பொருள் மறக்காது.

பாகவதத்து அசாமிளன் கடைசி மகனுக்கு நாராயணன் என்று பெயரிட்டிருந்தான். இறக்குந் தறுவாயில் மகனை அழைத்த அவ்வொலியே அவனைக் காத்தது. பிள்ளைகளுக்கு இறைவன் பெயரை இடுமாறு பெரியாழ்வாரும் ஒரு திருமொழி முழுவதும் வற்புறுத்தினார்.

குமரன், வேலன், உமா, மீரா போன்றவை எந்த நாட்டு நாவிலும் எளிதில் நிற்கும். நீண்ட பெயர் வைப்பதிலும் தவறில்லை; வீட்டார் அதை முழுமையாக அழைக்க வேண்டும். வீட்டிலேயே சண்முகன் 'சாம்' ஆகிவிட்டால், அர்ச்சனைத் தட்டுடன் நிற்கும்போது ஐயர் பெயர் கேட்க, பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கும். பாட்டன் பேரைத் தாங்குபவனே பேரன் என்பர். அந்தப் பேரைத் தானே சொல்லப் பழக்குவது பெற்றோரின் கடமையன்றோ!