கூரைக்கு நிதி உண்டு, தரைக்கு?

பேருந்து நிறுத்தம்! அதன்மேல் ஒரு நிழற்குடை! நிழற்குடையின் நெற்றியிலே ஒரு பெயர்ப்பலகை! சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கட்டப்பட்டது என்ற அறிவிப்பு, அவருடைய பெயர், கட்டிமுடித்த ஆண்டு — அத்தனையையும் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்றும் படித்திடலாம். அவ்வளவு பெரிய எழுத்துக்கள்! தமிழகத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும் இக்காட்சியைக் காண்கிறோம். வெயிலுக்கு நிழல் வேண்டும், மழைக்கு ஒதுங்கிட இடம் வேண்டும். கூரை போட்டவரை நாம் குறை கூறவில்லை. ஆனால் தோழர்களே, அண்ணாந்து பார்த்த கண்களைச் சற்றே தாழ்த்துங்கள். கூரையைக் கண்டோம், தரையைக் கண்டோமா?

ஓரிடத்தில் நடைபாதை இடறி விழவைக்கும் உயரம். மற்றோரிடத்தில் நடைபாதையே இல்லை. இங்கே மின்பெட்டி வழிமறிக்கும். அங்கே மழைநீர்க் கால்வாயின் மூடி வாய்பிளந்து நிற்கும். நிழற்குடைக்குள் நுழைய இரண்டு படிகள். படியேற இயலாதவன் வெயிலில் நிற்கட்டும் என்பது, சொல்லாமல் சொல்லப்படும் ஆணை! கூரை எல்லோருக்கும் தெரிகிறது. பலகை மாட்டவும் பயன்படுகிறது. தரை யாருக்கும் தெரிவதில்லை. அதிலே பெயர் எழுதினால் மிதிபட்டுப் போகும். அதனால்தானோ என்னவோ, கூரைக்கு நிதி கிடைக்கிறது, தரைக்குக் கிடைப்பதில்லை!

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழகத்தில் மாற்றுத் திறனாளிகள் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல். இந்தியா முழுதும் 2 கோடியே 68 இலட்சம் பேர். இவர்களைக் கண்டு நம் சமுதாயம் என்ன சொல்லிற்று? "முன்வினைப் பயன்" என்றது; "தலையெழுத்து" என்றது. சொல்லிவிட்டு, கோயில் வாசலில் ஒரு காசைப் போட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டது. வினை என்று சொல்லிவிட்டால், செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லையல்லவா? மடமைக்கும் சோம்பலுக்கும் உள்ள உறவு அத்தகையது!

பகுத்தறிவாளர் நாம் கேட்கிறோம்: சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவனைப் பேருந்தில் ஏறவிடாமல் தடுப்பது எது? அவன் காலா? இல்லை. அவன் வினையா? இல்லவே இல்லை. தடுப்பது 900 மில்லிமீட்டர்! ஆம், நாம் நெடுங்காலமாகப் பார்த்துவரும் உயர்தளப் பேருந்தின் தளம் ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்தின் தளமோ 400 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவேதான் ஒரு மனிதனின் கல்வி இருக்கிறது, வேலை இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது. பிரம்மன் எழுதிய எழுத்தல்ல அது. வரைபடத்திலே மனிதன் எழுதிய எண். கை எழுதியதைக் கை அழித்து எழுதலாம்!

பேருந்தின் படியிலே மனிதனைத் தடுத்து நிறுத்துவது நமக்குப் புதிய கதையும் அல்ல. ஆதிதிராவிடர்க்கு இடமில்லை என்று தனியார் பேருந்துகள் துணிந்து சொல்லிய காலம் ஒன்று இருந்தது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக விளங்கியபோது என்ன செய்தார்? ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டார். வண்டிக்காரரின் மனம் மாறட்டும் என்று காத்திருக்கவில்லை; இரக்கப்படுங்கள் என்று இறைஞ்சவில்லை. சாலை பொதுமக்களின் பணத்தில் போடப்பட்டது. ஆகவே அதில் ஓடும் வண்டி பொதுமக்கள் அனைவருக்கும் உரியது. அவ்வளவுதான் வாதம்! அன்று வாயிலில் நின்று தடுத்தது சாதி. இன்று தடுப்பது சிமெண்டும் இரும்பும். சாதி வெறுப்பினால் தடுத்தது; சிமெண்டு மறதியினால் தடுக்கிறது. தடுக்கப்பட்டவனுக்கு இரண்டும் ஒன்றே.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021-இல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கும் அவர்தம் துணையாளருக்கும் திருநங்கையருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. உயர்தளப் பேருந்துகளை மேலும் வாங்குவதை எதிர்த்து மாற்றுத் திறனாளிகள் சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர், வாதாடினர், 2024-இல் சென்னைத் தெருக்களிலே புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. கட்டணம் என்ற தடை நீங்கிற்று. தளத்தின் உயரம் என்ற தடையும் பல வண்டிகளில் நீங்கிற்று. எஞ்சியிருப்பது எது? வண்டிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள அந்தத் தரை!

கணக்கைப் பாருங்கள். சக்கர நாற்காலி தானே ஏறிடத்தக்க சாய்தளத்திற்கு 12-க்கு 1 என்பது பொதுவான அளவு; ஓரடி உயர, பன்னிரண்டு அடி நீளம். நிறுத்தத்தில் நடைபாதை இல்லாமல், சாலையின் மட்டத்திலிருந்தே 400 மில்லிமீட்டர் ஏற வேண்டுமானால் ஏறத்தாழ 5 மீட்டர் நீளப் பலகை வேண்டும். எந்தப் பேருந்து அதைச் சுமந்து செல்லும்? ஒரு மீட்டர்ப் பலகையைச் சாலையிலே இறக்கினால், அது சாய்தளம் அல்ல, சறுக்குமரம்! ஆனால் 150 மில்லிமீட்டர் உயரத்தில் ஒழுங்கான நடைபாதை இருந்து, பேருந்தும் அதை ஒட்டி நின்று, பக்கவாட்டில் சற்றே தாழ்ந்தும் கொடுத்தால், எஞ்சும் இடைவெளி 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே பலகை துணையாளர் ஒருவரின் கையுதவியோடு பயன்படும். பெருந்தொகை கொடுத்து வாங்கிய வண்டியைப் பயனுள்ளதாக்குவதும் பாழாக்குவதும், மலிவான அந்தச் சிமெண்டுத் தரைதான்!

நகரின் நிறுத்தம் ஒன்றிலே ஒரு மாலைப்பொழுது முழுதும் நின்று பார்த்தோம். ஊன்றுகோலோடு ஓர் இளைஞர், கையில் கோப்பு, வேலை முடிந்து வீடு திரும்புகிறார். பேருந்து நிற்க வேண்டிய இடத்தை இரு மோட்டார்களும் ஒரு பழவண்டியும் பிடித்துக்கொண்டிருந்தன. எனவே வண்டி நடுச்சாலையிலே நின்றது. நடைபாதையிலிருந்து அவர் இறங்க வேண்டும். மோட்டார்களின் இடுக்கில் நுழைய வேண்டும். பின்னே வரும் இருசக்கர வண்டிகளுக்குத் தப்ப வேண்டும். அதன்பிறகு படியேற வேண்டும். ஓட்டுநர் பொறுத்துத்தான் பார்த்தார். நடத்துநர் கை நீட்டத்தான் செய்தார். பின்னாலிருந்து எழுந்த ஒலிப்பான்களின் ஓலம் பொறுக்கவில்லை. முதல் வண்டி போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் இருவர் அவரைத் தூக்கி ஏற்றினர். அவர் நன்றி சொன்னார். நமக்கு அந்த நன்றிதான் உறுத்திற்று! நாம் பேருந்தில் ஏறுகிறபோது யாருக்கேனும் நன்றி சொல்கிறோமா? உரிமையோடு ஏறுகிறோம். அவர் மட்டும் ஏன், நாள்தோறும் இருமுறை, தெரியாத மனிதர்களுக்குக் கடன்பட வேண்டும்?

யாரிடம் முறையிடுவது? பேருந்து போக்குவரத்துக் கழகத்திற்குச் சொந்தம். நிழற்குடை மாநகராட்சியைச் சேர்ந்தது. சாலையோ, சில இடங்களில் மாநகராட்சியுடையது, சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. மின்பெட்டி மின்வாரியத்தைச் சார்ந்தது. பேருந்தின் இடத்தைப் பிடித்த மோட்டாரை அகற்றுவது காவல்துறையின் வேலை. ஐந்து வீட்டுப் பிள்ளை பட்டினி கிடந்த கதைதான்! ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகின்றனர். தரை மட்டும் அப்படியே கிடக்கிறது.

நிதி எங்கிருந்து வருகிறது? ஒருபுறம் உறுப்பினரின் தொகுதி நிதி. அது கூரையோடு நின்றுவிடுவதைக் கண்டோம். மறுபுறம் விளம்பரம்: நிழற்குடையைத் தனியார் கட்டுவர், பராமரிப்பர், விளம்பரப் பலகையின் வருவாயை எடுத்துக்கொள்வர். கடைவீதியிலே பளிங்கு போன்ற நிறுத்தம் கிடைக்கும். சேணியம்மன் கோயில் தெருவிலும் சேரிப்பக்கத்திலும் பலகையை வாடகைக்கு எடுப்பவர் யார்? வாங்கும் ஆற்றல் உள்ளவன் நிற்கும் இடத்துக்கு நிழல், இல்லாதவனுக்கு வெயில்! விளம்பரம் வேண்டாமென்பதல்ல நம் வாதம். உரிமையை வாடகைப் பலகையிலே தொங்கவிடாதீர் என்பதே நம் வாதம்.

"பணத்திற்கு எங்கே போவது?" என்பர். சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றுக்கொண்ட கொள்கை ஒன்று உண்டு: போக்குவரத்துக்கென ஒதுக்கும் தொகையில் நூற்றுக்கு 60 பங்கையேனும் நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் செலவிட வேண்டும் என்பது அது. ஏட்டிலே இருக்கிறது அறுபது. தெருவிலே எவ்வளவு என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் கேட்பது நம் கடமை. செய்ய முடியாத வேலையா இது? சௌந்தரபாண்டியனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் அங்காடியாம் தியாகராய நகரின் பாண்டி பஜாரைச் சென்று பாருங்கள். சீர்மிகு நகரத் திட்டத்தின் பொதுநிதியைக் கொண்டு, 2019-இல் அங்கே அகன்ற நடைபாதை அமைத்தனர். பொதுப்பணம் தரையிலே இறங்கினால் தரை மாறுகிறது! ஓர் அங்காடிக்குக் கிடைத்தது, அங்காடிக்கு வந்து சேர வேண்டிய மக்கள் காத்துநிற்கும் நிறுத்தங்களுக்கும் கிடைக்கட்டும் என்கிறோம்.

"ஒரு சிலருக்காக இவ்வளவு செலவா?" என்று கேட்பவரும் உண்டு. ஒரு சிலரா? கருவுற்ற பெண் ஏறுகிறாள். மூட்டு வலிக்கும் மூதாட்டி ஏறுகிறாள். குழந்தையை இடுப்பிலும் கூடையைத் தலையிலும் சுமந்த தாய் ஏறுகிறாள். கால் முறிந்து கட்டுப்போட்ட மாணவன் ஏறுகிறான். இன்று தாவி ஏறுகின்ற நாமும் ஒருநாள் முதுமையடைவோம். அன்றியும், ஏறுவோர் ஒரே ஒருவர் ஆயினும் அவர் வரி கொடுக்கும் குடிமகன். தலை எண்ணிப் பார்த்து வழங்கப்படுவது உரிமையாகாது.

உலகைப் பாருங்கள். 1978 சூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரிலே மாற்றுத் திறனாளிகள் 19 பேர், தங்களை ஏற்ற இயலாத பேருந்துகளைத் தெருச்சந்தியில் மறித்தனர். கருணை கேட்டல்ல, வழி கேட்டு! 1990-இல் அந்நாட்டில் சட்டம் வந்தது. அதன்படி வகுத்த விதிகள், புதிய நிறுத்தத்திலே 8 அடிக்கு 5 அடி சமதளம் வேண்டுமென்று அளவு குறித்தே கூறுகின்றன. இலண்டனில், பழம்பெருமைக்கென ஓட்டிய சில வண்டிகள் நீங்கலாக, 2005 இறுதிக்குள் பேருந்துகள் அனைத்தும் தாழ்தளமாயின. நிறுத்தங்களோ பின்தங்கி நின்றன. அதை உணர்ந்து, உள்ளாட்சி மன்றங்களுக்கு அதற்கென்றே பணம் கொடுத்து, 2016-க்குள் நூற்றுக்கு 95 நிறுத்தங்கள் என இலக்கு வைத்து வேலை செய்தனர்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பேருந்து நிறுத்தங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரலாகாது, 1.8 மீட்டருக்குக் குறைந்து அகலம் இருத்தலாகாது என்று 2012-ஆம் ஆண்டின் இந்தியச் சாலைப் பேரவை நெறிமுறை கூறுகிறது. அணுகும் வசதியை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவிடலாகாது, மீற முடியாத கட்டாய விதிகளை வகுத்திடுக என்று 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் பேசிவிட்டது, நீதிமன்றம் பேசிவிட்டது. பேச வேண்டியது நிதிநிலை அறிக்கை!

நாம் கேட்பது இதுதான்: நிறுத்தங்களின் தரைக்கென்று ஆண்டுதோறும் தனித் தலைப்பில் நிதி, அந்நிதிக்குப் பதில் சொல்ல ஒரே ஓர் அலுவலகம், எந்த நிறுத்தம் எப்போது முடியும் என்ற பட்டியல், அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மேசையிலே மாற்றுத் திறனாளிகளுக்கு இடம். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கும் மேடுகளைக் கொண்ட கல்லை, 1967-இல் சப்பானின் ஒகயாமா நகரம் முதன்முதலில் பதித்தது. நம் ஊரிலும் அந்த மஞ்சள் கற்கள் பதிக்கப்படுகின்றன, சில இடங்களில் நேரே மரத்திலும் கம்பத்திலும் கொண்டுபோய் மோதவைக்கும் வண்ணம்! பயன்படுத்துவோரைக் கேளாமல் செய்த வேலை அப்படித்தான் முடியும்.

இளைஞர்களே! மன்றந்தோறும் ஓர் அளவுநாடா வாங்குங்கள். உங்கள் பகுதியின் ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் செல்லுங்கள். உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, வழியில் நிற்பது எது, சாய்தளம் உண்டா என்று அளந்து எழுதுங்கள். மாற்றுத் திறனாளித் தோழர்களை முன்னிறுத்தி, அந்தக் கணக்கோடு மாமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் செல்லுங்கள். கூரையிலே பெயர் எழுதிக்கொள்ளட்டும், தடையில்லை. முதலில் தரையைப் போடச் சொல்லுங்கள். விதியை நம்புகிறவன் கைகட்டி நிற்பான். அளந்து பார்க்கிறவன் மாற்றிக் காட்டுவான். அளப்போம், கேட்போம், பெறுவோம்!