இலயமும் இயந்திரமும்

மேளச்சமாவிலே நாதஸ்வரக்காரரைப் பார்ப்போர் பலர். தவிற்காரரின் விரல்களைப் பார்த்துத் தலையசைப்போர் அதனினும் பலர். அருகே நின்று கைத்தாளம் போடுபவரை ஏறிட்டுப் பார்ப்பவர் அரிது. எனினும் அவர் ஒரு கணம் தடுமாறுவாராயின் பல்லவி என்ன, தனியாவர்த்தனம் என்ன, யாவும் ஆட்டங்கண்டுவிடும். இணுவிலிலும் அளவெட்டியிலும் பிறந்த பிள்ளைகளுக்கு இதனை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1975 ஆம் ஆண்டு மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த மண் இது. இன்று இம்மண்ணிலும் சில வீடுகளிலே கைத்தாளக்காரரின் இடத்தில் கணினி வந்து அமர்ந்திருக்கின்றது. அது தாளத்தை ஒழுங்காகப் போடுகின்றதா என்று பார்ப்போம்.

கணினியும் மின்வாத்தியமும் தம்முள் உரையாடும் மொழிக்கு 'மிடி' என்று பெயர். தமிழில் மிடி என்றால் வறுமை. நேயர்கள் அஞ்சவேண்டா, இஃது ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர். 1983 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நிகழ்ந்த இசைக்கருவிக் கண்காட்சியொன்றில், வெவ்வேறு கம்பனிகள் செய்த இரு வாத்தியங்கள் முதன்முறையாக இம்மொழியிற் பேசிக்கொண்டன. அமெரிக்கராகிய டேவ் சிமித், யப்பானியராகிய இக்குத்தாரோ கக்கேஹாஷி ஆகிய இருவருக்கும் இதன்பொருட்டு 2013 இல் கிராமி விருது வழங்கப்பட்டது. தமிழ்த் திரையிசையில் 1986 இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திற்காக இளையராஜா கணினியின் துணையை நாடினார். அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1990களின் முற்பாதியில், எமது குடாநாடோ மின்சாரமே இன்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டுக்கொண்டிருந்தது. இத்துறையில் நாம் பிந்தி வந்தவர்கள் என்பதில் வியப்பில்லை.

மிடியின் கம்பி வழியே செல்வது ஓசையன்று, கட்டளையே. எந்தக் கட்டை, எவ்வளவு வலுவாக, எப்போது அழுத்தப்பட்டது என்பதே அதன் செய்தி. 'பிட்' எனப்படும் நுண்குறிகள் செக்கனுக்கு 31,250 வீதம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் செல்லும். ஒரு சுரத்தை ஒலிப்பிக்க முப்பது குறிகள் வேண்டும். அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன். ஐந்து கட்டைகளை ஒருங்கே அழுத்தினால் ஐந்தாவது சுரம் முதலாவதற்கு நான்கு மில்லிசெக்கன் பிந்தியே போய்ச் சேரும். காது இதனைப் பொருட்படுத்துவதில்லை.

காது பொறாதது வேறொன்று. நல்லூர்த் திருவிழாவில் வெளிவீதியிலே மேளத்திற்கு முப்பத்துநான்கு மீற்றர் தொலைவில் நிற்பவருக்குத் தவிலோசை செக்கனிற் பத்திலொரு பங்கு பிந்தியே எட்டும். ஆயினும் அவருக்கு இலயம் குலைவதில்லை. ஏன்? எல்லா அடிகளும் ஒரே அளவு பிந்துகின்றன. ஓரடி ஐந்து மில்லிசெக்கனும் அடுத்த அடி இருபது மில்லிசெக்கனும் பிந்துமாயின், எத்துணைப் பெரிய வித்துவானும் அதனோடு சேர்ந்து வாசித்தல் இயலாது. ஓர் அட்சரத்தை ஒரு செக்கன் எனக் கொண்டு அதனுட் பதினாறு சொற்களை நிரப்பினால் ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 62.5 மில்லிசெக்கனே. அதிற் பதினைந்து பிசகினால் ஏறத்தாழக் காற்பங்கு போயிற்று. தாமதம் பொறுக்கத்தக்கது, தாமதத்தின் தடுமாற்றமே பொல்லாதது.

எமக்கு வேண்டிய வீடொன்றில் தவில் பயிலும் மாணவர் ஒருவர், மின்தட்டு ஒன்றைக் கணினியோடு இணைத்துத் தம் பாடத்தைப் பதிவு செய்தார். திரையிற் கண்ட புள்ளிகள் முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடந்தன. பிள்ளையோ மனமுடைந்து போனார். ஆசிரியர் அருகிருந்து கேட்டுவிட்டு, "தம்பி, நீ அடிச்சது சரி, பெட்டிதான் தடுமாறுது" என்றார். அது வெறும் ஆறுதல் மொழியா என்று அறிய நாம் விரும்பினோம்.

அதற்கு எளியதொரு சோதனை உண்டு. மிடி இடைமுகத்தின் வெளிச்செல்லும் துளையையும் உள்வரும் துளையையும் ஒரே கம்பியால் இணைத்துவிட வேண்டும். கணினி நூறு மில்லிசெக்கனுக்கு ஒன்றாகச் சுரங்களை அனுப்பட்டும். திரும்பி வருவதை அதே கணினி பதிவு செய்யட்டும். மனிதக் கை இதிற் படுவதேயில்லை. அவ்வாறு செய்தபோதும் புள்ளிகள் பத்து மில்லிசெக்கனுக்கு மேலாகச் சிதறின. ஆசிரியரின் செவி பொய்யுரைக்கவில்லை!

காரணம் தேடினோம். 1985 இல் வந்த அத்தாரி எஸ்டி என்னும் கணினியில் மிடித் துளைகள் உடம்போடே அமைந்திருந்தன. அதன் நேர ஒழுங்கை இசைவாணர் இன்றும் புகழ்வர். அதனினும் பன்மடங்கு விரைவான இக்காலக் கணினி ஏன் தடுமாறுகின்றது? அது நூறு வேலைகளுக்கிடையே எமது தாளத்தையும் கவனிக்கின்றது. விருந்தினரை வரவேற்றபடியே கைத்தாளம் போடுபவரை எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டில் இடைமுகமானது வேறு பல கருவிகளோடு ஒரே யூஎஸ்பி இணைப்பியிற் செருகப்பட்டிருந்தது. நேரே கணினியிற் செருகினோம். மின்சாரத்தைச் சிக்கனஞ்செய்யும் ஏற்பாட்டை நிறுத்தினோம். சிதறல் இரண்டு மூன்று மில்லிசெக்கனாகச் சுருங்கியது. ஓசை வெளிவரும் வழியிலும் ஒரு தேக்கம் உண்டு: 1024 மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் 23 மில்லிசெக்கன் கழியும், 128 ஆக்கினால் மூன்றே. ஆனால் மிகக் குறைத்தால் ஓசை வெடித்து அறுபடும். கணினியின் வலுவறிந்து குறைக்க வேண்டும். வாங்க எண்ணுவோர், ஒவ்வொரு சுரத்துக்கும் வந்த நேரத்தைத் தானே முத்திரையிடும் இடைமுகமா என்று விசாரித்து வாங்குவது நலம். கடிதம் பிந்தி வந்தாலும் தபால் முத்திரையில் திகதி இருக்குமன்றோ?

நம்மவர் மட்டுமே எதிர்ப்படும் சிக்கல் ஒன்றும் உண்டு. மிடியின் பொதுக் கடிகாரம் ஓர் அட்சரத்துக்கு 24 துடிப்புகள் தருகின்றது. மேனாட்டாருக்கு அது போதும். திஸ்ரத்தின் மூன்றும் சதுஸ்ரத்தின் நான்கும் அதிற் சரியாகப் பிரியும். கண்டத்தின் ஐந்தோ, மிஸ்ரத்தின் ஏழோ, சங்கீர்ணத்தின் ஒன்பதோ பிரியா. பல மென்பொருள்கள் அட்சரத்தை 480 கூறாக்குகின்றன. ஐந்து பிரியும், ஏழும் ஒன்பதும் அப்போதும் பிரியா. ஐந்து நடைகளுக்கும் மிச்சமின்றிப் பிரியும் மிகச் சிறிய எண் 1260. மிடிக் கோப்பின் இலக்கணம் இதற்கு இடந்தருகின்றது. மென்பொருளின் அமைப்பில் அதனைத் தெரிவு செய்ய வழியிருந்தால் செய்துகொள்ளலாம். வழியில்லையாயினும் கவலை வேண்டா. செக்கனுக்கோர் அட்சரம் என்னும் காலத்தில் 480 கூறினால் நேரும் பிழை மிஞ்சினால் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனே. அதனைச் செவி கண்டுபிடிப்பது அரிது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. சிதறிய புள்ளிகளை ஒரே அழுத்தில் கட்டங்களுக்குள் இழுத்து நிறுத்தும் 'குவாண்டைஸ்' என்னும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. கோளாற்றைத் தேடும் சிரமமின்றி அதனை அழுத்திவிடுவோரே பலர். அழுத்தினால் கருவியின் தடுமாற்றம் மறையும். கூடவே, அந்த மூத்த கை ஒரு சொல்லை வேண்டுமென்றே மயிரிழை பிந்தி வைத்த அழகும் மறையும். இரண்டையும் வேறுபிரித்தறிய இயந்திரத்துக்குத் தெரியாது. எனவே பெரியோரின் வாசிப்பைப் பதிவு செய்யும் மாணவர்கள் முதலிற் கம்பிச் சோதனையைச் செய்து கருவியைத் திருத்திக்கொள்ளட்டும். பதிந்த மூலக்கோப்பை ஒரு புள்ளியும் நகர்த்தாது தனியே வைக்கட்டும். ஒலிவாங்கியால் எடுத்த பதிவொன்றும் அதனருகே இருக்கட்டும். மேற்சொன்ன மாணவர் இப்போது அவ்விதமே தம் ஆசிரியரின் மிஸ்ர நடைப் பாடங்களைச் சேர்த்து வருகின்றார்.